ஆறாவது படியில் ஒரு ஜோடி

ஜமக்காளத்துல உட்கார்ந்து கொஞ்ச நேரம்தான் ஆச்சு, அதுக்குள்ள இடது கால் மரத்துப் போச்சு. மாத்தி மடக்கிக்கலாம்னா மடியில மிரு. வைஜெயந்தியோட பொண்ணு, நாலு வயசு. நான் செருப்பைக் கழட்டிட்டு உள்ள வந்ததுமே துப்பட்டா நுனியைப் பிடிச்சுக்கிட்டு "நீங்க எங்கம்மா ஆபீஸா"ன்னு கேட்டுச்சு, ஆமாம்னு சொல்றதுக்குள்ள மடியில ஏறிடுச்சு. என்கிட்ட என்ன இருக்குன்னு தெரியலை, எந்த வீட்டுக்குப் போனாலும் குழந்தைங்க என்கிட்டதான் வரும். பட்டுப் பாவாடை மொடமொடன்னு இருக்கு, தலையில வெச்ச மல்லி என் மூக்குக்கு நேரா ஆடுது. எதிர்ல கொலு. ஏழு படி, வெள்ளை வேட்டி விரிச்சு, ரெண்டு பக்கமும் சீரியல் லைட் சிவப்பாகி பச்சையாகி நீலமாகி மறுபடி சிவப்பாகுது. மேல் படியில கலசம், அடுத்ததுல பெருமாளும் தாயாரும், அதுக்கடுத்து வள்ளி தெய்வானையோட முருகன், அப்புறம் தசாவதாரம், அப்புறம் கல்யாண செட்டு, நாதஸ்வரக்காரருக்குக் கன்னம் உப்பியிருக்கு. ஒவ்வொரு படியா நிதானமா இறங்கறேன், ஆறாவது வந்ததும் கண்ணு தானா ஏழாவதுக்குத் தாவிடுது. ஏழாவதுல பார்க்கு, ஊஞ்சல், ஒரு பிளாஸ்டிக் வாத்து. அந்த வாத்தையே ரொம்ப நேரமா பார்த்துக்கிட்டு இருக்கேன். நல்ல வாத்துதான், அதைக் குத்தம் சொல்லக் கூடாது.

எங்க வேலை என்னன்னு ஊர்ல சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. உலகம் பூரா இருக்கற ஆளுங்க வீட்டுப் பழைய சாமானை விக்கற ஒரு இணையதளம், அதுல எதை விக்கலாம் எதை விக்கக் கூடாதுன்னு பார்க்கறதுக்கு இங்க கிண்டியில ஒரு ஆபீஸ். துப்பாக்கிக்கு ஒரு டீம், போலி மருந்துக்கு ஒரு டீம், எங்க டீமுக்குப் பொம்மை. பொம்மை, பீங்கான் சிலை, பழைய விளம்பரத் தகடு, இதுல யாரையாவது அவங்க இனத்தை வெச்சு இழிவு பண்ணியிருந்தா எடுத்துடணும். "பொம்மை பார்க்கறதுக்கா ஏசி ரூம் போட்டு உட்கார வெச்சிருக்கான்"னு எங்கப்பா சிரிச்சார், அவர் ஆத்தூர் டிப்போவுல கண்டக்டர், வாழ்க்கை பூரா வெயில்ல நின்னவர். சேர்ந்த புதுசுல எனக்கே ஒண்ணும் புரியலை. இரும்பு உண்டியல் ஒண்ணு அடிக்கடி வரும். கறுப்பு மனுஷன் ஒருத்தரோட தலை, கூடவே ஒரு கை, உதடு செக்கச்செவேல்னு, கையில காசை வெச்சுப் பின்னால ஒரு பிடியை அழுத்தினா வாய்க்குள்ள போட்டு முழுங்கிட்டுக் கண்ணை மேல உருட்டும். நான் அதைப் பார்த்துட்டு, பரவாயில்லையே நல்லா பண்ணியிருக்கானேன்னு நினைச்சேன். அப்புறம் கம்பளி முடியும் வட்டக் கண்ணுமா துணிப் பொம்மை, உப்பு டப்பாவாவும் மிளகு டப்பாவாவும் நின்னு சிரிக்கற குண்டுச் சமையல்காரம்மா, சீனாக்காரர்னு சொல்லி கண்ணை ரெண்டு கோடா இழுத்துவிட்ட தகரப் பொம்மை. எங்க சீனியர் வைஜெயந்திதான் சேரை இழுத்துப் போட்டு பக்கத்துல உட்கார்ந்து சொன்னாங்க, "இதுல யாரைக் காட்டிச் சிரிக்கறாங்களோ அந்த ஆள் இந்த ரூம்ல இருக்கார்னு வெச்சுக்கோ. அவரும் சேர்ந்து சிரிப்பாரா? மாட்டார்னா எடுத்துடு." எனக்கு அது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. அன்னையிலேருந்து ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு ஆளைக் கூப்பிட்டுப் பக்கத்துல உட்கார வெச்சுத்தான் பட்டனைத் தட்டறேன். அதனாலதான் வைஜெயந்தி மேல எனக்கு மரியாதை, கூப்பிட்டதும் மறுக்க முடியாம இன்னைக்கு வந்தது.

எடுத்தா சும்மா விடுவாங்களா. உடனே மறுபரிசீலனை பண்ணுங்கன்னு வரும். தாத்தா காலத்துப் பொருள், வரலாறை அழிக்கறீங்க, எனக்கு அப்படியெல்லாம் எண்ணமே கிடையாது, என் மனைவி தினம் துடைச்சு வெச்சிருந்தா. பாதி படிக்கும்போதே கொட்டாவி வந்துடும். ஆனா லொரேன்னு ஒரு அம்மா எழுதினது மட்டும் மண்டையை விட்டுப் போக மாட்டேங்குது. அமெரிக்காவுல ஏதோ ஒரு சின்ன ஊர்ல ரிட்டயர்டு டீச்சர், கறுப்பினத்தவங்க. விக்கறவங்க இல்ல, வாங்கறவங்க. அந்த உண்டியல், அந்த உப்பு டப்பா எல்லாத்தையும் தேடித் தேடி வாங்கி, வீட்டு ஹால்ல அடுக்கி, பள்ளிக்கூடப் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்து காட்டறாங்களாம். எங்களை இப்படித்தான் பார்த்தாங்கன்னு வாயால சொன்னா பிள்ளைங்க நம்ப மாட்டேங்குது, கையில எடுத்துக் குடுத்தா நம்புது, நீங்க எல்லாத்தையும் எடுத்துட்டா அப்படி ஒண்ணு நடக்கவே இல்லைன்னு சொல்றவங்களுக்கு வேலை சுலபமாயிடும்னு எழுதியிருந்தாங்க. நியாயம்தானே. வைஜெயந்திகிட்ட காட்டினேன். "நியாயம்தான் மங்கை, ஆனா அந்த அம்மாவுக்கு முன்னாடி வேற ஒருத்தன் வாங்கிடுவான், அவன் யாருகிட்ட காட்டிச் சிரிக்கப் போறான்னு நமக்குத் தெரியாதே"ன்னாங்க. அதுவும் நியாயம். ரெண்டு நியாயத்துக்கும் நடுவுல உட்கார்ந்துக்கிட்டு நான் டீ குடிச்சேன், டீ ஆறிப் போயிருந்துச்சு. கடைசியில விதிப்படிதான் எடுத்தேன். அந்த அம்மா நன்றின்னு ஒரே வார்த்தை பதில் போட்டாங்க. கோபத்துல போட்டாங்களா மரியாதைக்குப் போட்டாங்களான்னு இன்னும் தெரியலை.

அதெல்லாம் அடுத்தவங்க வீட்டு விஷயம், உட்கார்ந்த இடத்துலேருந்து நியாயம் பேசிடலாம். போன வாரம் வந்ததுதான் என்னைப் பிடிச்சு உலுக்கிடுச்சு. போர்ச்சுகல்லேருந்து யாரோ விக்கப் போட்டிருந்தார், காகிதக் கூழ்ல செஞ்ச ரெண்டு பொம்மை, தென்னிந்திய ஜிப்சி பிச்சைக்கார ஜோடி, பழையது, வேடிக்கையான முகம்னு தலைப்பு. ஜிப்சிங்கற வார்த்தையைப் பிடிச்சு மெஷின் நிறுத்தி, இந்தியப் பொருளாச்சேன்னு என் திரைக்குத் தள்ளிடுச்சு. திறந்து பார்த்ததும் கை நின்னு போச்சு. குறவன் குறத்தி. நிறுத்தி வைங்கற பட்டனைத் தட்டிட்டு தண்ணி குடிக்கப் போயிட்டேன். திரும்பி வந்தா வைஜெயந்தி என் திரையைப் பார்த்துக்கிட்டு நிக்கறாங்க. "அட, இது நம்ம கொலு பொம்மை. எங்க வீட்டுல இதே ஜோடி இருக்கு, எங்க மாமியார் கல்யாணத்துக்கு வந்தது. பிச்சைக்காரங்கற வார்த்தையை மட்டும் எடுக்கச் சொல்லிட்டு விட்டுடேன்." பார்க்கறேன்னேன். "இதுல பார்க்கறதுக்கு என்ன இருக்கு? சனிக்கிழமை வீட்டுக்கு வா, நேர்லயே காட்டறேன்." அவங்க மேல தப்பில்ல. திரையில கேட்கற கட்டத்துல இனம் இருக்கு, மதம் இருக்கு, நாடு இருக்கு, உடல் குறை இருக்கு, ஜாதின்னு ஒண்ணு இல்லவே இல்ல. வெளிநாட்டுல உட்கார்ந்து அந்தக் கட்டத்தைப் போட்டவங்களுக்கு அப்படி ஒண்ணு தேவைப்படலை. எடுக்கணும்னா மற்றவைன்னு தட்டிட்டு, காரணம்னு இருக்கற இடத்துல என் கைப்பட எழுதணும். திங்கக்கிழமை கூட்டத்துல அதைப் படிச்சுக் காட்டணும், அங்க என்ன முடிவாகுதோ அதுதான் இந்த மாதிரிப் பொம்மை எல்லாத்துக்கும் சட்டம். இது இழிவுன்னு உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்க. கேக்கத்தான் செய்வாங்க, கேக்கறது அவங்க வேலை. எனக்குத் தெரியும், ஏன்னா நான் குறத்தி. ஆபீஸ்ல இது ஒருத்தருக்கும் தெரியாது.

சரி, பார்த்துடுவோம். எவ்வளவு நேரம் வாத்தையே பார்க்கறது. ஆறாவது படியில செட்டியாரும் செட்டியாரம்மாவும் கடை விரிச்சு உட்கார்ந்திருக்காங்க, பருப்பு, புளி, சின்னத் தராசு, தொப்பை. அவங்களுக்கு அந்தப் பக்கம் அந்த ஜோடி. அவன் தலைப்பாகையில இறகு சொருகியிருக்கான், வாய் ஒரு பக்கமா இளிச்சிருக்கு, பல்லு ரெண்டு வெளிய. அவ கழுத்து பூரா பாசிமணி, இடுப்புல பிள்ளை, கையில குறி சொல்ற கோல், ரவிக்கை கீழ இறங்கி நிக்குது. மைதா மாவுல தோய்ச்ச மாதிரி மத்த பொம்மைக்கெல்லாம் வெள்ளை நிறம், இதுங்க ரெண்டுக்கும் மட்டும் அடுப்புக்கரி. முதல்ல எனக்குச் சிரிப்புதான் வருது. ஏன்னா இது நாங்களே இல்ல. பாசிமணி விக்கறவங்க நரிக்குறவங்க, அவங்க ஜனம் வேற, பேச்சு வேற. எங்க பக்கம் கூலிக்குப் போனாங்க, பன்னி வளர்த்தாங்க, உப்பு மூட்டை சுமந்தாங்க, எங்க அத்தை பாலிடெக்னிக் படிச்சாங்க. பொம்மைக்காரர் ரெண்டு ஜனத்தையும் போட்டுக் கலக்கி ஒரு சாம்பார் வெச்சுட்டார். அப்ப இது யாரு? யாரும் இல்ல. யாரும் இல்லாத ஒரு ஆளைச் செஞ்சு வெச்சுட்டு அதுக்கு எங்க பேரைக் குடுத்துட்டாங்க. நாங்க பாசிமணி விக்கறவங்க இல்லைன்னு நினைக்கும்போதே உள்ள ஒரு மிதப்பு வருது பாருங்க, நாங்க அவங்க இல்லைங்கற மிதப்பு, அது எங்கேருந்து எனக்கு ஒட்டிக்கிச்சோ. ச்சீ. அந்தப் பொண்ணுங்க பஸ் ஸ்டாண்டுல பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு என்னவெல்லாம் திட்டு வாங்கறாங்கன்னு எனக்குத் தெரியாதா. காலேஜ்ல ஒரு நாள் கறுப்பு மணி மாலை ரெண்டு போட்டுக்கிட்டுப் போனேன், பக்கத்து பெஞ்சுக்காரி அன்பாத்தான் சொன்னா, குறத்தி மாதிரி சூப்பரா இருக்கடின்னு. தாங்க்ஸ்னு சொன்னேன். வேற என்ன சொல்றது.

"உங்களுக்கு எந்த ஊரு மங்கை?" பக்கத்துல ஒரு குரல். சுபத்ரா, வைஜெயந்தியோட நாத்தனார், அரக்கு கலர் பட்டுல கையில சுண்டல் தட்டோட வந்து உட்கார்றாங்க. ஆத்தூருங்க. "சேலம் ஆத்தூரா? ஆத்தூர்ல எங்க?" பஸ் ஸ்டாண்டு தாண்டிங்க. "தாண்டின்னா கோட்டைப் பக்கமா? எங்க சித்தப்பா அங்க பேங்குல இருந்தார்." இல்லைங்க, இன்னும் கொஞ்சம் தள்ளி. தள்ளித் தள்ளியே ஒரு நாள் ஊரை விட்டு வெளிய போயிடுவேன் போல. இந்தக் கேள்வி எனக்கு மனப்பாடம். முதல்ல ஊரு, அப்புறம் ஊர்ல எந்தப் பக்கம், அப்புறம் தெரு, அப்புறம் குலதெய்வம், அப்புறம் வீட்டுல கறிசோறு உண்டா. வில்லிவாக்கத்துல வாடகைக்கு வீடு பார்க்கும்போது ஒரு அம்மா கூச்சப்படாம நேராவே கேட்டாங்க, நீங்க என்ன ஆளுங்கன்னு. நாங்க கவர்மெண்ட் ஆளுங்க, அப்பா போக்குவரத்துக் கழகம்னேன். அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துடுச்சு, வீடு குடுத்துட்டாங்க. கெட்டிக்காரத்தனம்னு நினைச்சு சந்தோஷமா வந்தேன், ராத்திரி சாப்பாடு இறங்கலை. சுபத்ரா நல்லவங்கதான், அவங்க கேக்கறது வேவு பார்க்க இல்ல, பேச்சு வளர்க்கறதுக்கு. "முழுப் பேரு மங்கையர்க்கரசியா, அழகான பேரு, யாரு வெச்சது?" டீச்சர் ஒருத்தங்க வெச்சதுங்க. அப்பாடா, அதுல ஒண்ணும் மறைக்கறதுக்கு இல்ல. மிரு என் வளையலைக் கழட்டித் தன் கையில போட்டுக்கிட்டு, அது நழுவி விழறதை வேடிக்கை பார்க்குது. பிள்ளையோட கழுத்துல பவுடர் வாசனை. எனக்கு இந்த வீடு பிடிச்சிருக்கு, அதுதான் கஷ்டம். பிடிக்காத வீடா இருந்தா எவ்வளவு வசதியா இருந்திருக்கும்.

செட்டியார் பொம்மை இருக்கே, அதுவும் கேலிதானேன்னு திங்கக்கிழமை யாராவது கேப்பாங்க. கேப்பாங்க, நானே கேட்டுப் பார்த்தேன். எங்க ஊர் மளிகைக் கடைச் செட்டியார் வீட்டுக் கொலுவுல செட்டியார் பொம்மை இருக்கும், அவரே அதுக்குப் பக்கத்துல நின்னு வயித்தைத் தடவிக் காட்டிச் சிரிப்பார். சிரிச்சுட்டு அவர் கடைக்குப் போயிடுவார். எங்க தெருவுக்கு போலீஸ் ஜீப் வரும். ஆத்தூர்ல எந்த வீட்டுல பீரோ உடைஞ்சாலும் ஜீப் முதல்ல எங்க தெருவுக்குத்தான் வரும், வழி கேட்டுக்கூட வராது. நான் எட்டாவது படிக்கும்போது காலையில அப்பா காக்கிச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கிட்டு இருந்தார், டூட்டிக்கு. வா, ஐயா கூப்பிடறார்னாங்க. டூட்டி இருக்குங்கன்னார். டூட்டி அப்புறம் பார்த்துக்கலாம். அப்பா இஸ்திரிப் பெட்டியை ஓரமா வெச்சுட்டு, அந்தச் சட்டையையே போட்டுக்கிட்டு, விசிலையும் பைக்குள்ள போட்டுக்கிட்டுப் போனார். சாயங்காலம் வந்தார். ஒண்ணும் பண்ணலை, உட்கார வெச்சிருந்தாங்க, அவ்வளவுதான்னார். அம்மா சாதம் போட்டாங்க. எனக்கு அன்னைக்கு வந்த கோபம் இன்னும் அடங்கலை, அடங்கவும் வேண்டாம்னு விட்டுட்டேன். அந்தப் பொம்மைக்கும் அந்த ஜீப்புக்கும் என்ன சம்பந்தம்னு காரணம் எழுதற இடத்துல எப்படி எழுதறது? பொம்மை ஜீப் ஓட்டிக்கிட்டு வரலையே. ஆனா ஜீப்புல வந்தவங்க வீட்டுலயும் கொலு இருந்திருக்கும், சின்ன வயசுல இதே இளிப்பைப் பார்த்துக்கிட்டே சுண்டல் தின்னிருப்பாங்க.

இவ்வளவு பேசறேனே, எங்கம்மா என்ன சொன்னாங்க தெரியுமா. நேத்து போன்ல விஷயத்தைச் சொன்னேன். அம்மா ஒரு தடவை சேலம் பொருட்காட்சியில இதே ஜோடியை வாங்கிட்டு வந்து டிவிக்கு மேல வெச்சிருக்காங்க, அப்பா முறைச்சதையும் மீறி. "அதை ஏண்டி விக்கக் கூடாதுங்கற? நம்மளை யாரு பொம்மையா செய்யறாங்க? இது ஒண்ணுதான் இருக்கு. அதையும் எடுத்துட்டா நாம இருந்த இடமே தெரியாது. மூக்கு மட்டும் உங்க அத்தை மூக்கு மாதிரியே இருக்கு"ன்னு சிரிக்கறாங்க. லொரேன் அம்மா அமெரிக்காவுலேருந்து பேசினா என்ன, எங்கம்மா ஆத்தூர்லேருந்து பேசினா என்ன, ரெண்டு பேரும் ஒரே கட்சி. நான் விடலை. அந்தாளு பல்லு வெளிய நிக்குதே, அது பரவாயில்லையான்னேன். "அதை நான் நெயில் பாலிஷ் வெச்சு மூடிட்டேன்"னாங்க. இந்த அம்மாவை வெச்சுக்கிட்டு நான் எந்த விதியை எழுதறது. பண்ருட்டியில இதைச் செய்யறவங்க வீட்டுலயும் அடுப்பு எரியணும், அதையும் யோசிச்சேன். இன்னொண்ணும் இருக்கு, இங்க உட்கார்ந்த பிறகுதான் கண்ணுல பட்டது. மூணாவது படியில முருகனுக்குப் பக்கத்துல நிக்கறாளே வள்ளி, அவ யாரு? குறமகள்னு கோயில்ல பாடறாங்களே, அவதானே. அதே பொண்ணு மூணாவது படியில நின்னா வெள்ளை முகம், பட்டு, பூ, கையெடுத்துக் கும்பிடறாங்க. ஆறாவது படிக்கு இறங்கி வந்தா அடுப்புக்கரி. கல்யாணம் பண்ணிக்கிட்டு மேல போனவ போயிட்டா, மிச்சம் இருந்த நாங்க கீழ நிக்கறோம். சீரியல் லைட் நீலமாகும்போது மட்டும் ரெண்டு பேர் முகமும் ஒரே நிறத்துல இருக்கு, உடனே சிவப்புக்கு மாறிடுது.

யாரோ ஒரு பாட்டு பாடுங்கன்னாங்க, சுபத்ராவே தொண்டையைச் செருமிக்கிட்டு ஆரம்பிச்சாங்க. நல்ல குரல். மிரு தலையை என் தோள்ல சாய்ச்சு, பாட்டுக்குத் தப்புத் தப்பா தாளம் போடுது என் முழங்கால்ல. எனக்கு மறுபடி திங்கக்கிழமை வந்துடுச்சு. விட்டுடுன்னு ஒரு மனசு. தலைப்பை மாத்தினா போதும், வைஜெயந்திக்கும் சந்தோஷம், பொம்மை போர்ச்சுகல்லேருந்து எங்கயோ போகட்டும், நான் பாட்டுக்கு வில்லிவாக்கத்துக்குப் போய் தோசை ஊத்திச் சாப்பிடறேன். எடுத்துடுன்னு ஒரு மனசு. எடுத்தா என்ன ஆகும், இந்த ஆறாவது படியிலேருந்து இறங்கிடுமா? இறங்காது. தளத்துலதான் இருக்காது. ஆனா எழுதினா நான் வெளிய தெரிஞ்சுடுவேன். அது மட்டும் நிச்சயம். அப்புறம் கேன்டீன்ல என் டப்பாவைப் பார்க்கற பார்வை மாறுமா, மாறாதா. முன்னாடியே சொல்லியிருக்கலாமேன்னு பாவமா பேசுவாங்களே, அதை எப்படித் தாங்கறது. கேலியைக்கூடத் தாங்கிடலாம், திருப்பி ஒண்ணு விட்டுடலாம். பாவம் பார்க்கறவங்களை என்ன பண்றது. எனக்கு பயமா இருக்கு. இதை இவ்வளவு நாள் வேற வேற பேர் வெச்சுக் கூப்பிட்டேன், வேலைச் சிக்கல்னு, விதிச் சிக்கல்னு. பயம்தான். பாட்டு முடிஞ்சுடுச்சு, எல்லாரும் கை தட்டறாங்க, நானும் தட்டறேன், மிருவோட ரெண்டு கையையும் பிடிச்சுத் தட்ட வைக்கறேன்.

வைஜெயந்தி உள்ள வெத்தலை பாக்கு எடுத்து வைக்கப் போனாங்க. "மிருவுக்கு யாராவது ஊட்டுங்களேன், காலையிலேருந்து ஒண்ணும் திங்கலை"ன்னு அங்கேருந்தே குரல் குடுத்தாங்க. சுபத்ரா தட்டோட என் எதிர்ல நகர்ந்து உட்கார்ந்தாங்க. கொண்டைக்கடலைச் சுண்டல், மேல தேங்காய்த் துருவல். முதல் வாய் வாங்கிச்சு. ரெண்டாவது வாய் கன்னத்துல ஒதுக்கி வெச்சுக்கிச்சு. மூணாவதுக்குத் தலையை ஆட்டிடுச்சு. "இந்த ஒரு வாய்டா கண்ணு. மாட்டியா? சரி, அதோ பாரு கொலுவுல, குறத்தி நிக்கறா பார்த்தியா. கூப்பிடட்டா? சாப்பிடாத பிள்ளைங்களைக் கூடையில போட்டுத் தூக்கிக்கிட்டுப் போயிடுவா." ரொம்பச் சாதாரணமா சொன்னாங்க. அவங்களுக்கு அவங்க அம்மா சொல்லியிருப்பாங்க.

மிரு திரும்பி ஆறாவது படியைப் பார்த்துச்சு. சட்டுனு முகத்தை என் நெஞ்சுல புதைச்சுக்கிட்டு ரெண்டு கையாலயும் கழுத்தைக் கட்டிக்கிச்சு. இறுக்கி, மூச்சு முட்டற மாதிரி. அதோட நெஞ்சு அடிக்கறது எனக்கு உள்ள கேக்குது. "ஆன்ட்டியைக் கெட்டியா பிடிச்சுக்கோ, ஆன்ட்டி இருக்கும்போது எந்தக் குறத்தியும் வர மாட்டா"ன்னு சுபத்ரா சிரிக்கறாங்க. என் கை தானா பிள்ளையோட முதுகைத் தடவுது. ஒண்ணுமில்லடா ஒண்ணுமில்லடான்னு வாய் சொல்லுது. குறத்திக்குப் பயந்து என்கிட்ட ஒளிஞ்சிருக்கு. இப்ப இப்படியே இருந்துட்டா நல்லாத்தான் இருக்கும், இந்தச் சூடு, இந்தப் பவுடர் வாசனை, ஒருத்தர் என்னை இவ்வளவு நம்பறது. வாயை மூடிக்கிட்டு இருந்தா இதெல்லாம் என்கிட்டயே இருக்கும். ஆனா இது எனக்குக் கிடைச்சது இல்லையே, எனக்கு எதிரா கிடைச்சது.

"மிரு"ன்னேன். குரல் சாதாரணமாத்தான் வந்துச்சு. "குறத்தி பிள்ளைங்களை எல்லாம் தூக்கிக்கிட்டுப் போக மாட்டா."

"போவா. அத்தை சொன்னாங்க."

"மாட்டா. நான் குறத்திதான். உன்னை எங்கயாவது தூக்கிக்கிட்டுப் போனேனா?"

மிரு முகத்தை எடுத்து என்னைப் பார்த்துச்சு. நெத்தி, காது, கம்மல், ஒவ்வொண்ணா. "பொய்"னுச்சு.

"பொய் இல்லடா."

"கூடை எங்க?"

"என்கிட்ட கூடையே கிடையாது."

சுபத்ரா சிரிக்க ஆரம்பிச்சு, "நல்லா ஜோக்கடிக்கறீங்க"ன்னு சொல்லிக்கிட்டே என் முகத்தைப் பார்த்துட்டு நிறுத்திட்டாங்க. தட்டுல கரண்டி லேசா சத்தம் போட்டுச்சு. உள்ளேருந்து வந்த வைஜெயந்தி வெத்தலைத் தட்டைப் பிடிச்சுக்கிட்டு வாசல்படியிலயே நிக்கறாங்க, எவ்வளவு நேரமா நிக்கறாங்கன்னு தெரியலை. என் கழுத்துலேருந்து முதல்ல ஒரு கை இறங்குச்சு. அப்புறம் இன்னொரு கை. மிரு என்னைப் பார்த்துக்கிட்டே, பாவாடையைச் சுருட்டிப் பிடிச்சுக்கிட்டு, மெதுவா மடியிலேருந்து இறங்கிடுச்சு. கன்னத்துல அந்தச் சுண்டல் இன்னும் அப்படியே இருக்கு. நாலு எட்டு பின்பக்கமாவே நடந்துட்டு, அப்புறம் ஓடிப்போய் அம்மாவோட புடவைக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிச்சு.

அழுகை வரும்னு நினைச்சேன், வரலை. வருத்தமா இருந்துச்சு, ரொம்ப வருத்தமா. மடி சூடா இருந்துச்சு இன்னும்.

"நான் சும்மா, அது சாப்பிடணுமேன்னு..." சுபத்ரா முடிக்கலை. "தெரியுங்க"ன்னேன். நிஜமாத்தான் சொன்னேன். வைஜெயந்தி வந்து எதிர்ல உட்கார்ந்தாங்க, குங்குமச் சிமிழை நீட்டினாங்க. எடுத்து வெச்சுக்கிட்டேன்.

"திங்கக்கிழமை அந்த ஜோடி"ன்னு மெதுவா ஆரம்பிச்சாங்க.

"எடுக்கணும்னுதான் எழுதப் போறேன்."

"காரணம்னு என்ன போடுவே?" கேட்டதும் உதட்டைக் கடிச்சுக்கிட்டாங்க. வேலைப் பழக்கம், தானா வாயில வந்துடுச்சு.

மிரு முந்தானைக்குப் பின்னாலேருந்து ஒத்தைக் கண்ணால என்னையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு.

"இப்பப் பார்த்தீங்கல்ல"ன்னேன்.